மதினி என்று ஒருத்தி இணையத்தில் இருந்தாள்

1

மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். தமிழைக் கேட்டு அவள் சிரித்து நாளாயிற்று. அவளுடைய கோபம், நேசம், பரீட்சைப் பயம் எல்லாம் எப்போதோ நோர்வீஜிய மொழிக்குக் குடிபோய்விட்டன. தமிழில் மிச்சம் இருப்பது பசியும் தலைவலியும்தான்.

"அம்மா, ஓடி வாங்கோ! இங்க ஒரு மனுசி அப்பிடியே உங்களை மாதிரிக் கதைக்கிறா!"

மீராவுக்குப் பதினைந்து வயது. பிறந்தது இந்தப் பேர்கன் நகரில். நோர்வேயின் மேற்குக் கரையில் உள்ள ஊர் இது. இங்கே மழை செய்தியே இல்லை, வெயில் அடித்தால்தான் செய்தி. 'வாங்கோ'வும் 'கதைக்கிறா'வும் அவள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் வாங்கி வந்தவை. இங்கே தமிழர் என்றால் அநேகமாக யாழ்ப்பாணத்தார். இரத்தினபுரிப் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்திலிருந்து, தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, வந்தவள் என்று நான் சொன்னால், "அங்கயும் எங்கட ஆக்கள் இருக்கினமோ?" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். ஆறு வயதில் மீரா வகுப்பில் எழுந்து 'நாங்க போறோம்' என்றிருக்கிறாள். 'போறம்' என்று பேசும் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அடுத்த வாரமே என் பேச்சைக் கழற்றிச் சப்பாத்தோடு வாசலில் விட்டாள். மழைக்கோட்டு மாதிரித்தானே மொழியும், ஊருக்கு ஏற்றதைப் போட்டுக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஆகவே 'உங்களை மாதிரி' என்றதும் ஆசையாக ஓடினேன், கையில் தாளிப்புக் கரண்டியோடு.

திரையில் லண்டன் மண்டபம் ஒன்று. ஏதோ கலைவிழா. மேடையில் ஒரு பெண். சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டு, முதுகில் கொழுந்துக் கூடை மாட்டியிருந்தாள். "வணக்கமுங்க சாமீ!" என்றாள். இன்னும் எதுவும் சொல்லவில்லை, அதற்குள் மண்டபம் சிரித்தது.

"எங்க லயம் போயிருச்சுங்க. காம்பரா போயிருச்சு, கூரை போயிருச்சு. வாசப்படி மட்டும் பத்திரமா இருக்குதுங்க. வாசல்ல நின்னு பாத்தா நேரா ஆறு தெரியுது. தொரை பங்களாவுல கூட இப்பிடி ஒரு காட்சி கெடையாதுங்க!"

மண்டபம் குலுங்கியது. மீரா மேசையைத் தட்டிச் சிரித்தாள். கரண்டியிலிருந்து சூடான எண்ணெய் என் காலில் சொட்டியது. சுட்டதாகத் தெரியவில்லை.

அது என் அண்ணன் சொன்ன வாக்கியம். சொற்களின் வரிசை கூட மாறவில்லை. அந்த வாசற்படிக்குப் பின்னால் இருந்த காம்பராவில், அந்த ஒற்றை அறையில்தான், அவன் மனைவி லெச்சுமி மண்ணுக்குள் போனாள். அதை நான் இந்த உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் எழுதினேன். அப்படியானால் மேடையில் நிற்பது அவள்தான்.

2

இரண்டாயிரத்து மூன்றாம் வருடத்து வைகாசி மழையை ஊரில் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. களுகங்கை கரையை விட்டிறங்கி இரத்தினபுரிக் கடைத்தெருவில் நடந்து போனதைக் கண்ணால் கண்டவர்கள் நீங்கள். எனக்குக் கிடைத்தது இங்கத்திய தொலைக்காட்சியில் ஒரு கொட்டாவி நேரத்துப் படம். பழுப்பு நீர், ஒரு கூரை, கூரையில் ஒரு நாய். அடுத்து உதைபந்தாட்டம்.

இணையத்தில் ஊர்ப் பெயர்களைத் தேடினேன். எந்தப் பெயரைத் தேடுவது? எங்கள் தோட்டத்துக்குக் கம்பனிக் கடுதாசியில் ஒரு பெயர், கீழே இருக்கிற சிங்கள நாட்டார் வாயில் ஒரு பெயர், எங்கள் வாயில் ஒரு பெயர். மண்சரிவுச் செய்திகளில் மூன்றுமே இல்லை. தோட்டத்து ஆபீஸ் தொலைபேசி செத்துக் கிடந்தது. அண்ணன் முத்தையாவும் லெச்சுமியும் அவர்கள் மகன் பாண்டியும் இருந்த லயம் மலையின் இடுப்பில் இருந்தது. மழைக் காலத்தில் அந்த மலை ஈரச் சாக்கு மாதிரி மணக்கும்.

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்துச் சமையல்கட்டில். நடந்தது தெரிய வந்த பிறகு மேற்பார்வைக்காரியிடம் போய், எனக்குத் தெரிந்த நோர்வீஜியத்தில், "மலை எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது" என்றேன். இந்த ஊர்க்காரர்கள் ஞாயிறு தோறும் மலை ஏறுகிறவர்கள். அவளுக்கு மலை என்றால் சந்தோஷம். "எவ்வளவு அழகாகச் சொல்கிறாய்!" என்றாள். விளங்கியபின் முகம் கறுத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்லவள்தான். ஆனால் சாவுக்குக் கொடுக்கிற விடுமுறை பெற்றோர், பிள்ளை, கணவன், கூடப்பிறந்தவர் வரைக்கும்தானாம். அண்ணன் மனைவி வரை உறவு நீளாதாம்.

செய்தி வரும் வரை வீட்டில் இன்னொரு வதை. அப்போது எங்களிடம் இருந்தது தொலைபேசிக் கம்பி வழியே வருகிற இணையம். இணையத்தில் இருந்தால் தொலைபேசி மணி அடிக்காது. தொலைபேசிக்குக் காத்திருந்தால் இணையம் இல்லை. அண்ணன் கூப்பிட்டால்? கம்பியைப் பிடுங்குவேன், செருகுவேன், மறுபடி பிடுங்குவேன். பால்காம்பு தேடும் குட்டி மாதிரி அந்தச் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தேன்.

ஒரு தமிழ் அரட்டை மன்றத்தில் எனக்குச் சில காலமாகப் பழக்கம். உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். எழுத்துத் தமிழில் எல்லோரும் ஓரூர்க்காரர். அங்கே போய்க் கேட்டேன்: என் அண்ணன் வீடு இரத்தினபுரிப் பக்கம், யாருக்காவது ஏதாவது தெரியுமா?

எவ்வளவு பேர் வந்தார்கள்! அதை மறைத்தால் நான் பாவி. பருத்தித்துறைக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரிகளைக் கூப்பிட்டார். டோஹாவிலிருந்த ஒரு பையனுடைய நானா, அதாவது அவனுடைய மூத்த சகோதரர், இரத்தினபுரியில் மாணிக்கக்கல் வியாபாரி. அவருடைய கடையிலும் தண்ணீர்தான். கடையைத் தம்பிமார் கையில் விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒரு தோட்டக்காரனைத் தேடி அவர் வள்ளத்திலும் பிறகு நடந்தும் முகாம் முகாமாகப் போயிருக்கிறார். ஒரு சிங்களப் பள்ளிக்கூடத்தில் அண்ணனைக் கண்டுபிடித்துத் தன் கைத்தொலைபேசியைக் கொடுத்தார்.

"தங்கச்சி," என்றான் அண்ணன். "நானும் பாண்டியும் இருக்கோம்மா. கீழ்நாட்டுச் சிங்களப் பசங்க வந்து மம்முட்டியால வெட்டி எங்கள எடுத்தானுங்க. லெச்சுமிய மட்டும் எடுக்க முடியல. போயிட்டாம்மா."

3

எங்கள் லயத்து முறை ஒன்றைச் சொல்ல வேண்டும். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். சோறு மாமன் மச்சான் முறைக்காரர் வீட்டிலிருந்து வரும். கொண்டு வருகிறவர்கள் வைத்துவிட்டுப் போய்விடக் கூடாது. துக்கக்காரரைக் கேலி பேசி, திட்ட வைத்து, சிரிக்க வைத்து, ஒரு பிடியாவது உள்ளே இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். அந்த வேலைக்கென்றே பிறந்தவள் லெச்சுமி. எங்கள் அப்பா இறந்தபோது அவள் இன்னும் அண்ணனைக் கட்டவில்லை. மாமன் மகள், எனக்கு மதினி முறை. சோற்றுச் சட்டியோடு வந்து நின்றாள்.

"எந்திரி மகாராணி. அப்பன் சொத்து வந்துருச்சுங்குற மெதப்புல படுத்துட்டியா? இருந்தது ஒரு ஒடுங்குன ரப்பர் பால் வாளி. அதையும் ஒங்கண்ணன் தூக்கிட்டான். வா, தின்னுட்டு அவனோட சண்டைக்குப் போ."

நான் அழுதுகொண்டே அவளை அடித்தேன். அடித்துக்கொண்டே சிரித்தேன். பிறகு சாப்பிட்டேன்.

அந்த லெச்சுமியின் சாவுக்குப் பேர்கனில் யார் சோறு கொண்டு வருவது? கணவர் கப்பலில். மகள் சின்னவள். மன்றத்தில் 'வம்புக்காரி' என்ற பெயரில் ஒருத்தி எழுதுவாள். லண்டன்காரி, யாழ்ப்பாணத்துப் பெண். அவள் வந்தால் மன்றமே சிரிக்கும். என்னைத் தனி அரட்டைக்குக் கூப்பிட்டாள். நான் இந்த முறையையெல்லாம் எழுதி, என் மதினி போய்விட்டாள் என்றேன்.

"இனி நான் உனக்கு மதினி," என்று எழுதினாள். "எழும்படி. பாண் கிடக்கோ வீட்டில?"

"இருக்கு."

"வெட்டு. வெட்டிட்டியோ? இப்ப வாய்க்குள்ள வை. நான் வந்து ஊட்டுவன், ஆனா உன்ர ஊர் மழைக்கு என்ர தலைமயிர் சரிவராது."

ரொட்டித் துண்டை வாயில் வைத்தேன். விழுங்கினேன். திரைக்கு அப்பால் ஒரு மனுசி நான் மென்று முடிக்கும் வரை காத்திருந்தாள். அது பொய்யில்லை. இன்று வரை எனக்கு அதைப் பொய்யென்று சொல்ல வரவில்லை, அதுதான் கொடுமை.

நானா மூன்று நாளைக்கொரு முறையாவது முகாமுக்குப் போய் அண்ணனைப் பேச வைப்பார். அண்ணன் அழவில்லை. பாண்டி அழுதுகொண்டே இருந்ததால் அவனுக்கு அழ இடமில்லாமல் போயிற்று. பையனைத் தேற்ற அவன் எதையாவது சொல்வான், அதை எனக்கும் சொல்வான். முகாமில் முதல் வகுப்புப் பிள்ளைகளின் நாற்காலிகள்தான் இருந்தனவாம். அண்ணன் ஆறடி ஆள். உட்கார்ந்து எழுந்தால் நாற்காலியும் கூடவே எழும்பி வருமாம். "திரும்ப ஒண்ணாப்புல சேத்துட்டானுங்கம்மா. இந்தத் தடவையாவது பாஸ் பண்ணிருவேன்."

நிவாரண மூட்டையில் அவனுக்கு வந்தது ஒரு கல்யாணக் கோட்டு. இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். கீழ்நாட்டுக் கிழவி ஒருத்தி இவனை மாவட்ட அரசாங்கக் கச்சேரி அதிகாரி என்று எண்ணி, "மாத்தையா, மகே கெதரத் கியா" என்று அழுது, தன் வீடும் போன கதையைச் சொல்லி, உதவி கேட்டு எழுதிய பெட்டிசத்தைக் கையில் கொடுத்துவிட்டாள். "நான் என்னா பண்றது? மூஞ்சிய பெருசா வச்சிக்கிட்டு, 'ஹரி, பலமு', சரி பாக்கலாம்னேன்." மறுநாள் கோட்டோடேயே கிராமசேவகரிடம் போய், அந்தப் பெட்டிசத்தை அவர் வாங்கும் வரை நின்று கொடுத்துவிட்டுத்தான் வந்தான்.

வாசற்படிக் கதையும் அப்படி வந்ததுதான். மண் மூடிய வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் பாண்டி வாசலிலேயே உட்கார்ந்து எழும்ப மறுத்திருக்கிறான். உள்ளேதானே அம்மா இருக்கிறாள் என்று. அப்போது அண்ணன் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஆற்றைக் காட்டி, "பாத்தியாடா, தொரை பங்களாவுல கூட இப்பிடி ஒரு காட்சி கெடையாது" என்றானாம். பையன் அப்பனை ஓங்கி அறைந்துவிட்டு எழுந்து வந்தானாம்.

ஒவ்வொன்றையும் அன்றன்றே மதினிக்கு எழுதினேன். அவள் சிரித்தாள், நான் சிரித்தேன். மலை பாதி இறங்கிய நெஞ்சுக்கு அந்தச் சிரிப்பைக் கல்லாக அடுக்கி அணை கட்டினோம். அப்படித்தான் எனக்கு அன்று தோன்றியது.

4

அப்புறம் காலம் தன் பாட்டில் போயிற்று. மன்றத்தில் ஆட்கள் குறைந்தார்கள். மதினியின் கடிதங்கள் மாதத்துக்கு ஒன்றாகி, தீபாவளிக்கு ஒன்றாகி, நின்றன. எனக்குக் குறையில்லை. சோறு கொண்டு வந்தவள் சட்டியை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போவாள்தானே.

அந்த மழை பெய்து ஐந்து வருடம் கழித்து அவளை மேடையில் பார்க்கிறேன்.

மீராவைத் தள்ளி உட்காரச் சொல்லி முதலிலிருந்து பார்த்தேன். வாசற்படி இருந்தது. ஒன்றாம் வகுப்பு நாற்காலி இருந்தது. பாண்டி இல்லை. அவன் அப்பனை அறைந்தது இல்லை. லெச்சுமி இல்லவே இல்லை. அவளுக்குப் பதிலாக மதினி ஒரு புருசனைப் புதிதாகச் சேர்த்திருந்தாள்: "எங்க வீட்டுக்காரரு வெள்ளத்துல மெதக்கலீங்க, சாராயத்துல மெதந்தாருங்க!" அந்த இடத்தில்தான் கைதட்டல் அதிகம். என் அண்ணன் குடித்தறியாதவன். ரப்பர் தோட்டத்துக்காரிக்கு முதுகில் கொழுந்துக் கூடை எதற்கு என்று கேட்கவும் அந்த மண்டபத்தில் ஆளில்லை. ரப்பர் பால் வெட்டுகிறவள் கையில் வாளியல்லவா இருக்கும்? எங்களைப் பற்றி என்ன போட்டாலும் பொருந்தும்போல.

"அம்மா, ஏன் அழுறீங்க?" என்றாள் மீரா.

சொன்னேன். அவள் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. "லெச்சுமி அத்தையோ? அந்த வாசலோ?" கணினியை மூடினாள். பிறகு, கேட்க வேண்டாம் என்று நான் வேண்டிக்கொண்ட கேள்வியைக் கேட்டாள்.

"நீங்க ஏன் அவவுக்கு அதைச் சொன்னீங்க?"

சாப்பிடுவதற்காகச் சொன்னேன் மகளே. உன்னிடம் அதைச் சொல்ல அன்று எனக்கு நாக்கு எழவில்லை.

மதினிக்கு எழுதினேன். பழைய முகவரி இன்னும் வேலை செய்தது. 'அதை எடுத்துவிடு. அண்ணன் உயிரோடிருக்கிறான். பாண்டி இரத்தினபுரியில் கைத்தொலைபேசிக் கடையில் வேலை செய்கிறான்; இப்படி எது வந்தாலும் அவன் கைக்கு வரும். அண்ணன் இதைப் பார்க்கக் கூடாது. வேறெதுவும் கேட்கவில்லை.'

மறுநாளே பதில் வந்தது. முன்பு போலவே கலகலப்பு.

'எடியே, எவ்வளவு காலம்! பேர் ஊர் ஒண்டும் நான் சொல்லேல்லையே. உன்ர அண்ணன் எண்டு ஆருக்குத் தெரியப்போகுது? சும்மா பகிடியடி. சனம் என்ன மாதிரி ரசிச்சது தெரியுமோ, மூண்டு ஊரில திரும்பப் போடச் சொல்லிக் கேட்டிருக்கினம். உனக்கு நன்றி சொல்லத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான். இப்ப போய்க் கோவிக்கிறாய். நீயும் அண்டைக்குச் சிரிச்சனிதானே?'

சிரித்தேன்தான். நாங்கள் இருவரும் ஒரே வாக்கியத்துக்குத்தான் சிரித்தோம் என்று இத்தனை வருடம் நம்பியிருக்கிறேன். நான் மூச்சுவிடச் சிரித்திருக்கிறேன். அவளும் அப்போது எனக்காகத்தான் சிரித்தாளா, இல்லை அந்த வாக்கியத்தை எடுத்து மடித்துப் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தாளா? இப்போது என் பாண் துண்டின் ருசியைக் கூட என்னால் நம்ப முடியவில்லை. நடந்து முடிந்த அன்பைப் பின்னோக்கிப் போய்த் திருடிவிடுகிற வித்தை அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு முறை எழுதினேன். பதில் இல்லை. படம் அப்படியே இருந்தது, சிரிப்புச் சத்தத்தோடு.

5

பத்து நாள் போலிருக்கும், அண்ணன் கூப்பிட்டான். இப்போது அவனிடமே கைத்தொலைபேசி இருக்கிறது. மலையடிவாரத்தை விட்டுத் தள்ளி, மேட்டில் கட்டிக் கொடுத்த வீட்டில் இருக்கிறான். நான் கை ஈரத்தோடு இருந்ததால் மீராதான் எடுத்துச் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள்.

"தங்கச்சி, பாண்டி ஒரு வீடியோ கொண்டாந்து காட்டுனான்ம்மா."

மீரா என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பிடியாண்ணே?"

"யாரோ ஒரு புள்ள. மேடையில ஏறி நின்னு பேசுது. பேச்சு அச்சு அசல் நம்ம பேச்சு. லண்டனாமே? நம்ம ஆளுங்க அம்புட்டு தூரம் போயிட்டாங்களா, நீ ஒருத்திதான்னுல்ல நான் நெனச்சேன்!"

அவன் குரலில் பெருமை இருந்தது.

"கொழுந்துக் கூடை போட்டிருந்துச்சு. அப்ப நம்ம பக்கம் இல்ல. தேயிலைத் தோட்டம், பலாங்கொடைப் பக்கமா இருக்கும். அங்கயும் மலை எறங்கியிருக்கும் போலம்மா. அதுக்கும் வாசப்படிதான் மிச்சமாம். நான் பாண்டிகிட்ட அன்னிக்குச் சொன்னேன்ல, அதையே சொல்லுது. எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு. அடிபட்ட வாயில எல்லாம் ஒரே பேச்சுதான் வரும் போல. புருசனும் குடிகாரனாம், பாவம்."

"ம்."

"ஆனா ஒண்ணு புரியலம்மா. அது அம்புட்டு வேதனையையும் சொல்லுது, அங்க ஒக்காந்திருக்க சனம் எல்லாம் சிரிக்குது. ஏன்? அதுங்களுக்கு நம்ம பேச்சு வெளங்கலையா?"

மீரா மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றாள். வெளியே பேர்கன் மழை, தன் வழக்கமான சாய்வில்.

"அது வீட்டுல யாரு போனாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லல," என்றான் அண்ணன். "சொல்ல விட்டாத்தானே. அந்தச் சிரிப்புல அதுவும் கூடவே சிரிச்சுச்சு பாரு, எனக்கு மனசு கேக்கல. பாண்டிய நிறுத்தச் சொல்லிட்டேன். ஏம்மா, நீ அந்தப் பக்கம்தானே இருக்க, ஒனக்குத் தெரிஞ்ச புள்ளையா அது?"

"இல்லண்ணே," என்றேன். "யாருன்னே தெரியாது."